லோரியை யார் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊரில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், தமிழ்ப்பள்ளி விடும் நேரத்தில்கூட இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்துகின்றன. போலீஸ் தலையைக் காட்டுவதோ பெருநாள் சமயத்தில்தான். யாரிடம் சொல்வது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஃபேஸ்புக்கில் போட்டுத் திட்டுவதை விடுங்கள் அம்மா, அதில் லோரிக்காரருக்கு ஒரு சென்கூடச் செலவாகாது. ஜேபிஜேயிடம், அதாவது சாலைப் போக்குவரத்து இலாகாவிடம், புகார் கொடுங்கள், அவர்களுடைய செயலி வழியாகவே அனுப்பலாம். ஆனால் ஒன்று, வீடியோவில் நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியணும், அந்தக் கோடும் தெரியணும், தேதி, நேரம், இடம் மூன்றும் இருக்கணும், அப்புறம் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் "எனக்கேன் வம்பு" என்று ஒதுங்கக் கூடாது. மோட்டார் ஓட்டிக்கொண்டே போனில் எடுக்காதீர்கள், சம்மன் உங்களுக்கு வரும்! டேஷ்கேம் இருந்தால் நல்லது.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டியதாக நிரூபணமானால் ஐந்தாண்டு வரை சிறை, 5,000 முதல் 15,000 வெள்ளி வரை அபராதம். சட்டத்தில் குறையில்லை, பிடிக்கத்தான் ஆளில்லை. அதனால் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் பெயரில் போலீஸ் நிலையத்துக்கும், லோரியை அனுப்பும் தோட்ட நிர்வாகத்துக்கும் கடிதம் கொடுங்கள். நிர்வாகம் ஒரு வார்த்தை சொன்னால் டிரைவர் கேட்பார், நடைக்குக் காசு வாங்குகிறவர் அவர்.

கேள்வி: 15 வயது மகன் தோட்டத்துச் சாலையில் மட்டும் மோட்டார் ஓட்டலாமா?
- வாசகர், லூனாஸ்

பதில்: கூடாது. பொதுமக்கள் போய்வரும் சாலை தோட்டத்துக்குள் இருந்தாலும் சட்டப்படி சாலைதான். மோட்டார் ஓட்டுவதற்கான பி2 லைசன்ஸுக்கே 16 வயது ஆகணும். சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.