கோச்சை அனுப்பிவிடலாமா? பெங்களூரு ரசிகர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

கௌதமபுரத்தில் கால்பந்து மன்னன் பெலேவுக்குச் சிலை வைத்த ஊர் இது. அல்சூர், ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் பக்கத்துத் தமிழர்கள் மூன்று தலைமுறையாகப் பந்தைத் துரத்தியிருக்கிறார்கள். நானும் துரத்தினேன், முழங்கால் போன பிறகு பையன்களைத் துரத்த வைத்தேன். அதனால் அணி தோற்கத் தொடங்கியதும் என்னிடம் ஒரே கேள்வி வருகிறது: கோச்சை மாற்றிவிடலாமா? இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

முன்கூட்டியே ஒன்று. இங்கிலாந்தில் ‘மேனேஜர்’ என்றால் அணியைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தை நடத்துகிறவர். நம் ஊர் லீக்கில் மேனேஜர் என்பவர் ஜெர்சி மூட்டையையும் தண்ணீர் பாட்டில்களையும் சுமந்து வருகிற நல்ல மனிதர். அவரை யாரும் நீக்க வேண்டாம். நாம் பேசுவது கோச்சைப் பற்றி.

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: ஐயா, தொடர்ந்து நான்கு தோல்வி. இன்னும் எத்தனை தோற்றால் கோச்சை நீக்கலாம்?

எண்ணிக்கை கிடையாது தம்பி. நான்கு தோல்வியில் இரண்டு, பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் வந்ததாக இருக்கலாம். நான்கு வெற்றியில் மூன்று, எதிரணி கோல்கீப்பரின் புண்ணியமாக இருக்கலாம். புள்ளிப் பட்டியல் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

நான் கவனிப்பது வேறு. பந்தை இழந்ததும் எத்தனை பேர் திரும்பி ஓடுகிறார்கள்? போன வாரம் வாங்கிய கோலையே இந்த வாரமும் வாங்குகிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலே, மைதானத்தில் சத்தம் இருக்கிறதா? உயிரோடு இருக்கும் அணி ஒருவரையொருவர் கத்திக்கொண்டே ஆடும். “பின்னால் ஆள்”, “விடு”, “எனக்கு” என்று காது கிழியும். கோச் மீது நம்பிக்கை போன அணி அமைதியாக ஆடும். கண்டீரவா மைதானத்தில் காலரிக்கும் புல்லுக்கும் நடுவே ஓட்டப்பாதை இருப்பதால் இது காதில் விழாது. அசோக்நகர் கால்பந்து மைதானத்தில் உட்கார்ந்தால் நன்றாகவே விழும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு மென்பொருள் பொறியாளர்: புதிய கோச் வந்த உடனே அணி வெல்லத் தொடங்குகிறதே. அது நீக்கியதன் பலன்தானே?

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை கேட்டிருப்பீர்கள். கோச்சை எப்போது நீக்குகிறார்கள்? அணி தன் வழக்கமான தரத்துக்கும் கீழே விழுந்து கிடக்கும்போது. அங்கிருந்து போக வழி மேலேதான். காய்ச்சல் மூன்றாம் நாள் தானாகவே இறங்கும். அன்று யார் கஷாயம் கொடுத்தாரோ அவருக்குப் பெயர்.

நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பதிவுகளை வைத்து ஒரு பொருளாதார ஆய்வு நடந்தது. கோச்சை நீக்கிய அணிகளை, அதே அளவு சரிந்தும் நீக்காமல் விட்ட அணிகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மீண்டன.

மான்செஸ்டர் யுனைடெட் 2018 டிசம்பரில் மொரீனியோவை நீக்கி, சோல்ஷாரைத் தற்காலிகமாக அமர்த்தியது. முதல் எட்டு ஆட்டங்களும் வெற்றி. மயங்கிப்போய் 2019 மார்ச்சில் பதவியை நிரந்தரமாக்கினார்கள். அதன் பிறகு அந்த சீசன் முடியும்வரை அணி தடுமாறியது.

ஆனால் இதை வேதவாக்காகவும் எடுக்காதீர்கள். 2021 ஜனவரியில் செல்சி லாம்பார்டை அனுப்பிவிட்டு டூகலைக் கொண்டுவந்தது. மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. அதே ஆட்டக்காரர்கள்தான். டூகல் டிஃபென்ஸில் மூன்று பேரை நிறுத்தினார், கோல் வாங்குவது வெகுவாகக் குறைந்தது. ஆய்வு சொல்வது சராசரி. சராசரிக்குள் டூகலும் உண்டு, பேர் தெரியாமல் போன பத்துப் பேரும் உண்டு.

சிவாஜிநகரிலிருந்து மேற்கு காலரியின் நிரந்தர வாசி: நம் பெங்களூரு எஃப்சி கோச் சைமன் கிரேசனை நீக்கியது சரியா? எனக்கு இன்னும் மனது ஆறவில்லை, அண்ணா.

உங்களுக்கு மட்டுமா. 2022 ஜூனில் வந்தார்; செப்டம்பரில் டூரண்ட் கோப்பை. பிறகு அந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசன் படுமோசமாகத் தொடங்கியது. “அனுப்பு” என்று காலரியில் பேசியவர்களில் நீங்களும் இருந்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம். கிளப் அனுப்பவில்லை. லீக் கட்டத்தின் கடைசி எட்டு ஆட்டங்களையும் வென்று, 2023 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை போனோம். பெனால்டியில்தான் மோகன் பகானிடம் கோப்பை போனது.

அடுத்த சீசனில் மறுபடியும் சறுக்கல். ஒன்பது ஆட்டத்தில் ஒரே வெற்றி. டிசம்பரில் சொந்த மண்ணில் மும்பை சிட்டியிடம் 0-4. இந்த முறை பொறுக்கவில்லை, மறுநாளே அனுப்பிவிட்டார்கள். ஒரே மனிதர், ஒரே மாதிரிச் சறுக்கல், இரண்டு வேறு முடிவுகள்.

இரண்டுமே சரி என்பது என் கருத்து. முதல் சறுக்கலில் அணி மோசமாக ஆடவில்லை. பந்து உள்ளே போகவில்லை. இரண்டாவதில் உள்ளூர் மைதானத்திலேயே வழி தெரியாமல் நின்றார்கள். ஆனால் இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் ஜிங்கன் போனார், ராய் கிருஷ்ணா போனார், உதாந்தா போனார். சமையல்காரரின் கையிலிருந்து பருப்பையும் புளியையும் பிடுங்கிக்கொண்டு சாம்பார் சரியில்லை என்றால் எப்படி? கிரேசனுக்குப் பின் வந்த சரகோசாவும் அந்தச் சீசனைப் பத்தாவது இடத்தில்தான் முடித்தார். ஆட்களைச் சேர்க்க ஒரு முழுக் கோடை கிடைத்த பிறகுதான் 2025 ஏப்ரலில் மறுபடி இறுதி ஆட்டம். கோச் மாறியதால் வந்த பலனா, ஆட்கள் மாறியதால் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் இருந்தால் நான் தேநீர் வாங்கித் தருகிறேன்.

கம்மனஹள்ளியிலிருந்து ஒரு பெரியவர்: மான்செஸ்டர் யுனைடெட்டில் ஃபெர்குசனுக்கு முதல் கோப்பை கிடைக்க எத்தனை ஆண்டுகள் ஆயின? அந்தப் பொறுமை இன்று யாருக்கும் இல்லையே.

1986 நவம்பரில் வந்தார், 1990இல் முதல் கோப்பை. உண்மைதான் ஐயா. ஆனால் பொறுமை காத்து மண்ணைக் கவ்விய கிளப்புகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பொறுமைக்கு உதாரணம் வேண்டுமானால் நான் ஆர்டெட்டாவைச் சொல்வேன். அவர் கையில் ஆர்சனல் இரண்டு சீசன் எட்டாவது இடம். 2021 ஆகஸ்டில் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, ஒரு கோல்கூடப் போடவில்லை. அப்போதும் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் எந்த வயது ஆட்களை வாங்குகிறோம், எப்படி ஆடப் போகிறோம் என்ற திட்டம் கிளப்பிடமே இருந்தது. வெறும் பொறுமை என்பது சோம்பலுக்கு நல்ல பெயர்.

ஒரு கல்லூரி மாணவி: அணி முதலிடத்தில் இருக்கும்போதே கோச்சை நீக்கியிருக்கிறார்களா?

இருக்கிறார்களே அம்மா, நம் நாட்டிலேயே. 2020 ஜனவரி கடைசியில் எஃப்சி கோவா செர்ஜியோ லோபேராவை நீக்கியபோது அணி பட்டியலின் உச்சியில் இருந்தது. கிளிஃபோர்ட் மிராண்டா பொறுப்பேற்று, லீக் பட்டியலில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் ஷீல்டை வென்று கொடுத்தார். ஆசிய சாம்பியன்ஸ் லீகின் குழுச் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய கிளப் என்ற பெயரும் கிடைத்தது. ஆகவே நீக்கியது சரி என்பீர்கள்.

பொறுங்கள். லீக் கட்டம் முடிந்து கோப்பைக்காக நடந்த அரையிறுதியில் கோவாவைத் தோற்கடித்தது யார்? நம் சென்னையின் எஃப்சி. அவர்களும் சீசன் நடுவில்தான் கோச்சை மாற்றியிருந்தார்கள்: ஜான் கிரெகரி விலக, ஓவன் காயல் வந்தார். கடைசிப் பக்கம் கிடந்த அணி இறுதி ஆட்டம் வரை போனது. லோபேராவோ அடுத்த சீசனில் மும்பை சிட்டிக்குப் போய் ஷீல்டு, கோப்பை இரண்டையும் அள்ளினார். இந்தக் கதையில் யார் செய்தது தவறு என்று நான் பல இரவு யோசித்திருக்கிறேன்.

(கிரெகரி என்றதும் 2018 மார்ச் நினைவுக்கு வருகிறது. கண்டீரவாவில் இறுதி ஆட்டம், அவர் கோச்சாக இருந்த சென்னை 3, பெங்களூரு 2. இந்த ஊர்த் தமிழர்கள் அன்று எந்தப் பக்கம் கைதட்டினார்கள் என்பது குடும்பச் சண்டை, இங்கே வேண்டாம்.)

ஆஸ்டின் டவுனிலிருந்து: ஐஎஸ்எல்லில் பல சீசன்கள் கடைசி இடம் வந்தாலும் கீழ் டிவிஷனுக்கு இறக்கவில்லையே. அப்புறம் அவசரப்பட்டு ஏன் நீக்கினார்கள்?

நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் கீழே இறங்கினால் வருமானம் பாதாளத்துக்குப் போகும், பயந்து நீக்குகிறார்கள். இங்கே 2014 முதல் பல சீசன்கள் இறக்கும் வழக்கமே இல்லாமல் நடந்தன. பயம் புள்ளியைப் பற்றியதல்ல, காலி நாற்காலிகளைப் பற்றியது.

ஹெப்பாளிலிருந்து: அப்படியானால் நீக்குவதற்கு முன் கிளப் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது என்ன?

அடுத்தவர் யார்? இதற்குப் பதில் கையில் இல்லாமல் நீக்குவது வீட்டைக் காலி செய்துவிட்டு வாடகை வீடு தேடுவது போல. 2021 ஜனவரியில் மூன்று தொடர் தோல்விக்குப் பின் கோச் குவாட்ராட்டோடு நம் கிளப் பிரிந்தது. ஐஎஸ்எல் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர். மிச்ச சீசனை நௌஷாத் மூசா இடைக்காலமாகப் பார்த்துக்கொண்டார். முடிவில் ஏழாவது இடம். குவாட்ராட் 2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்காலுக்கு சூப்பர் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில், மூன்று தோல்விக்குப் பின், அங்கிருந்தும் கிளம்பினார்.

இன்னொன்று, ஆட்களை வாங்கியவர் யார் என்பது. அவர் அலுவலகத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கும்போது கோச்சை மட்டும் அனுப்பினால், அடுத்த கோச்சுக்கும் அதே பதினொரு பேர்தான்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: உங்களை யாராவது நீக்கியிருக்கிறார்களா, ஐயா?

நீக்கியிருக்கிறார்கள். உள்ளூர் டிவிஷன் அணி ஒன்று. பெயர் சொல்ல மாட்டேன். ஐந்து ஆட்டத்தில் ஒரு வெற்றிகூட இல்லை. கோல்கீப்பர் என் நண்பரின் மகன். மாற்ற வேண்டும் என்று எனக்கே தெரியும், மாற்றவில்லை. பையன்களுக்கும் தெரியும். இடைவேளையில் நான் பேசும்போது ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஒரு மாலை டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். ஒரு வருடம் அவரோடு பேசவில்லை.

அடுத்த ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் போனேன், வேலிக்கு வெளியே நின்றேன். புதிய கோச், புதிய கோல்கீப்பர். 0-2 தோல்வி. அதற்கடுத்த ஆட்டமும் தோல்வி. ஆனால் இரண்டு ஆட்டத்திலும் பையன்கள் தொண்ணூறு நிமிடமும் ஒருவரையொருவர் கத்திக்கொண்டே இருந்தார்கள். சாலைவரை கேட்டது.