கவலைப் பாட்டும் கன்ட்ரி பாட்டும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அமெரிக்க கன்ட்ரி பாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, மகனிடம் ஒன்று போடச் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரன் மனைவியை நினைத்து ஒருவன் உருகுகிறான். அவள் வீட்டு அடுக்களை விளக்கு அணையும்வரை இவனுக்குத் தூக்கமில்லை. மெட்டு மனதைப் பிசைந்தது. மகன் அர்த்தம் சொன்னதும் கூசிவிட்டது. 'பிறன்மனை நோக்காத பேராண்மை' என்று படித்து வளர்ந்தவர்கள் இதை எப்படி ரசிப்பது?

ஒரு வாசகி, கொல்லங்கோடு

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் சொன்ன குறளையே எடுத்துக்கொள்வோம். நோக்காமல் இருப்பதை வள்ளுவர் பேராண்மை என்கிறார். ஆசையே எழாதவனுக்குப் பேராண்மை எதற்கு? மனம் இழுக்கும்போது காலை நிறுத்துகிறானே, அவனுக்குத்தான் அந்தச் சொல். உங்கள் பாட்டுக்காரன் வேலியைத் தாண்டவில்லை. படுத்துக்கொண்டு பாடுகிறான், அவ்வளவுதான்.

நான் வளர்ந்தது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எங்கள் தோட்டத்தில் கவலை, அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஏற்றம், ஓட்டிய பெரியவர் ஒருவர் இருந்தார். அவருடைய முறைப்பெண்ணைப் பக்கத்துத் தோட்டத்திலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சால் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாடுகள் பின்னாலேயே மேடேறும்போது ஒரு அடி பாடுவார், கடைசி எழுத்தை நீட்டி நீட்டி. அந்த அம்மா குடத்தோடு எங்கள் கிணற்றுக்கு வந்தால் மட்டும் பாட்டு நின்றுவிடும். வடத்தின் முறுக்கைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார். அவர் நிமிர்வதற்குள் அந்த அம்மா வரப்பு தாண்டிப் போயிருப்பார். அந்தக் குறளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குனிந்த முதுகுதான் ஞாபகம் வரும்.

மனதைப் பிசைந்தது என்றீர்களே, அது ஸ்டீல் கிட்டாராக இருக்கும். ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த வாசிப்பு முறை. தந்தியை விரலால் அழுத்தாமல் அதன்மேல் ஒரு இரும்புத் துண்டை வழுக்கவிடுவார்கள். ஒரு ஸ்வரம் இன்னொன்றுக்குத் தாவாமல் இழுபட்டுக்கொண்டே போய்ச் சேரும். பெரியவர் நீட்டியதும் அப்படித்தான்.

எல்லோரும் வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் பிரிஸ்டல் என்று ஒரு ஊர். அதன் கடைவீதியில் ஒரு பக்கம் டென்னசி மாநிலம், மறுபக்கம் வர்ஜீனியா, கேரள-தமிழக எல்லையில் இருக்கும் நம் வேலந்தாவளம் மாதிரி எல்லை ஊர். 1927-ல் விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் அங்கே வந்து மலைக்காரர்களின் பாட்டுகளைப் பதிவு செய்தார். பாட வந்தவர்களில் ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல் மூவரும் உண்டு. பிற்பாடு சாராவின் மனம் கணவரின் தாய்வழி உறவுக்காரரான காய் பேஸ் மேல் போயிற்று. அவர் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டது. 1936-ல் சாராவுக்கும் ஏ.பி.க்கும் விவாகரத்து. அப்புறமும் இருவரும் ஒரே குழுவில் பாடிக்கொண்டிருந்தார்கள். 1939-ல் மெக்சிகோ எல்லையில் இருந்த ஒரு வானொலி நிலையத்தில், கலிஃபோர்னியாவில் இருக்கும் காய்க்கு என்று சொல்லி சாரா ஒரு பாட்டுப் பாடினார். அவர் அதைக் கேட்டார், புறப்பட்டு வந்தார். அந்த வருஷமே கல்யாணம்.

ஏ.பி. மறுமணம் செய்துகொள்ளவில்லை. சொந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மளிகைக் கடை வைத்துக்கொண்டு காலத்தைக் கழித்தார். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனத்துப் போகிறது. இந்தப் பாட்டுகளைக் கேட்கும்போது பாடுகிறவனோடு சேர்த்து, அடுத்த வீட்டுக்குள் ஒன்றும் தெரியாமல் தூங்கும் அந்தக் கணவனையும் நினைத்துக்கொள்வேன். அப்படிக் கேட்டால் கூச வேண்டியதில்லை அம்மா, நிம்மதியாகக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். கொல்லங்கோட்டுப் பக்கம் கவலைப் பாட்டு தெரிந்த வயசாளிகள் யாராவது இருந்தால், மகனை அனுப்பி போனிலாவது பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் கிணற்றில் மோட்டார் போட்ட பிறகு அந்தப் பெரியவர் பாடி நான் கேட்கவே இல்லை.