பாறைக்கு யார் பெயிண்ட் அடிப்பது? தீம் பார்க் கேள்வி பதில்

செம்பூர், முலுண்டு, தானே, நவி மும்பை என்று பல பக்கமிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. நான் கோரேகாவில் சினிமா செட் வேலையில் ஆரம்பித்து, அப்புறம் மால், மியூசியம், பார்க் என்று செயற்கைப் பாறை, ஃபைபர் சிலை, பெயிண்ட் வேலைகளிலேயே இருப்பவன். ரைடு இன்ஜினியர் இல்லை. அதனால் இயந்திரம் பற்றிய கேள்விகளுக்குச் சுருக்கமாகவும், தீமிங் (ரைடைச் சுற்றி ஒரு கற்பனை உலகத்தை உருவாக்கும் வேலை) பற்றிய கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவும் பதில் சொல்லியிருக்கிறேன்.

தானேயிலிருந்து ஒருவர்: இமேஜிகா தீம் பார்க் திறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆச்சு. அன்றைக்குப் பார்த்த நைட்ரோதான் இன்றைக்கும் அங்கே பெரிய ரோலர் கோஸ்டர். ஏன் சார் அந்த அளவுக்கு இன்னொன்று வரவே மாட்டேங்குது?

பணம்தான் காரணம். அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் கோபம் கொஞ்சம் குறையும். மன்மோகன் ஷெட்டி 2013 ஏப்ரலில் கொப்போலியில் அந்தப் பூங்காவைத் திறந்தபோது, இந்தியாவில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். சுவிட்சர்லாந்தின் பி அண்ட் எம் நிறுவனம் செய்த தரையில்லா கோஸ்டர் (காலுக்குக் கீழே தளம் இருக்காது), இருட்டுக்குள் ஓடும் ரைடுகள், பறப்பது போன்ற திரையரங்கு எல்லாம் அந்த ஒரே வருடத்தில் வந்தன. வாங்கிய கடனும் அதே அளவுக்குப் பெரிசு. 2014இல் தண்ணீர்ப் பூங்கா, 2015இல் பங்குச்சந்தை, 2016இல் பனிப் பூங்கா என்று போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனால் வந்த கூட்டம் வட்டி கட்டுவதற்கே போதவில்லை. அப்புறம் கொரோனா வந்து கதவையே சாத்தியது. 2022இல் மல்பானி குழுமம் எடுத்துக்கொண்ட பிறகுதான் கடன் விவகாரம் ஒரு வழிக்கு வந்தது.

வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பூங்காவால் புதிய கோஸ்டர் வாங்க முடியாது. அது விதி. கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். நம் ஊரில் கையில் காசு வரும் பூங்காக்காரர் முதலில் போடுவது தண்ணீர்ச் சறுக்குதான். கோஸ்டர் அளவுக்குச் செலவு கிடையாது, ஏப்ரல், மே வெயிலில் கூட்டம் தானாக வரும், போட்ட பணம் சீக்கிரம் திரும்பும். வியாபாரமாகப் பார்த்தால் அதில் தப்பே இல்லை. ரசிகனாக எனக்கு வருத்தம்தான்.

நவி மும்பையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, வெளிநாட்டில் மட்டும் எல்லாம் டக்கென்று வருகிறது. இங்கே மட்டும்தான் இவ்வளவு தாமதமா?

இல்லை தம்பி. ஃப்ளோரிடா ரசிகர்களின் புலம்பலைக் கேட்டால் நீங்கள் ஆறுதல் அடைவீர்கள். ட்ரான் கோஸ்டர் ஷாங்காய் டிஸ்னிலேண்டில் 2016இல் திறப்பு நாளிலிருந்தே ஓடுகிறது. அதே ரைடை ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் கட்டப்போவதாக 2017இல் அறிவித்து, 2023 ஏப்ரலில்தான் திறந்தார்கள். வடிவமைப்பு கையில் இருந்தும், நடுவில் வந்த கொரோனாவோடு சேர்த்து, கிட்டத்தட்ட ஆறு வருடம். அங்கேயே டிஸ்னியின் அவதார் படப் பகுதியை 2011இல் அறிவித்து 2017இல் திறந்தார்கள். யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் பூங்கா 2019இல் அறிவிக்கப்பட்டு, கொரோனாவில் வேலை நின்று, 2025 மே மாதம் திறந்தது.

வித்தியாசம் என்னவென்றால், அங்கே தாமதமானாலும் கடைசியில் வந்து நிற்கும் பொருள் பெரும்பாலும் முழுசாக இருக்கும். இங்கே அறிவித்த படத்துக்கும் திறந்த இடத்துக்கும் நடுவில் பாதி தீமிங் காணாமல் போயிருக்கும்.

செம்பூரிலிருந்து ஒரு அம்மா: போன மாதம் குழந்தைகளோடு ஒரு பார்க்குக்குப் போனோம். ரைடு வாசலில் ஒரு டைனோசர் சிலை. உள்ளே போனால் தகரக் கூரை, மின்விசிறி, இரும்புக் கம்பி வரிசை. ஒரு சிலை வைத்துவிட்டால் அதற்குப் பெயர் தீமிங்கா?

நீங்கள் கேட்டதைத்தான் நான் வேலை கொடுப்பவர்களிடம் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு சிலை தீமிங் ஆகாது. கண், காது, கால் மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதாக நம்ப வேண்டும். காட்டுக்குள் போகிறோம் என்றால் தரையில் ஓடு பதித்திருக்கக் கூடாது. வரிசை வளையும் இடத்தில் கோட்டைச் சுவருக்கு மேலே ஏசி அவுட்டோர் யூனிட் தெரியக் கூடாது. பக்கத்து ரைடின் சினிமாப் பாட்டு உள்ளே கேட்கக் கூடாது. 1955இல் டிஸ்னிலேண்டைக் கட்டியபோது பூங்காவைச் சுற்றிலும் மண்மேடு எழுப்பினார்கள், வெளியுலகம் கண்ணில் படக் கூடாது என்பதற்காக. மண்மேட்டுக்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. வரைபடம் போடும் நாளிலேயே அதை யோசித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊரில் நடப்பது வேறு. முதலில் ரைடுக்கு ஆர்டர் கொடுப்பார்கள். அடுத்து அஸ்திவாரம், மின்சாரம், கழிப்பறை, சாப்பாட்டுக் கூடம். திறப்பு விழாவுக்குச் சில மாதம் இருக்கும்போது எங்களைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் தீம் பண்ணிக் கொடுங்க' என்பார்கள். அதற்குள் செலவு எகிறியிருக்கும். வெட்ட முடிகிற ஒரே கணக்கு எங்களுடையதுதான். ரைடின் பிரேக்கில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆகவே பாறைச்சுவர் பெயிண்ட் அடித்த பலகையாகிவிடும், குகை ஒரு ஃப்ளெக்ஸ் பேனராகிவிடும்.

முலுண்டிலிருந்து ஒருவர்: திறந்த புதிதில் பிரமாதமாக இருக்கும் இடங்கள்கூட நாலைந்து வருடத்தில் பழைய பொருட்காட்சி மாதிரி ஆகிவிடுகின்றனவே. பராமரிப்பு அவ்வளவு கஷ்டமா?

என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியமான கேள்வி. ஒரு செயற்கைப் பாறை எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். முதலில் கம்பி வளைத்துக் கட்டி ஒரு கூடு. அதன்மேல் வலை. வலைமேல் சிமெண்ட் கலவை அடிப்போம். அது இறுகுவதற்குள் கரணை, கம்பி பிரஷ், சில சமயம் கசக்கிய அலுமினியத் தாள், இவற்றால் வெடிப்பும் அடுக்கும் செதுக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கை நன்றாக ஓடும் கொத்தனார் கிடைத்தால் பாறை பாறையாக இருக்கும். காய்ந்த பிறகு அடிநிறம், அதன்மேல் தண்ணீராகக் கரைத்த கறுப்பு, பழுப்பு, பச்சை என்று ஒவ்வொன்றாக ஊற்றித் துடைப்போம். பள்ளத்தில் நிறம் தங்கும், மேட்டில் வெளுக்கும். உண்மையான கல்லில் மழையும் வெயிலும் செய்வதை நாங்கள் சில நாளில் செய்கிறோம்.

அப்புறம் நிஜ மழையும் வெயிலும் வருகின்றன. கொப்போலி சஹ்யாத்ரி மலையடிவாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பெய்வது மும்பைக்காரர்களையே மிரட்டும் மழை. பாசி பிடிக்கும். மயிரிழை வெடிப்பில் தண்ணீர் இறங்கி உள்ளே கம்பி துருப்பிடிக்கும், துரு வீங்கிச் சிமெண்டை வெளியே தள்ளும். ஃபைபர் சிலையாக இருந்தால் மேல்பூச்சு வெயிலில் மாவு மாதிரி உதிர ஆரம்பிக்கும். விரலால் தொட்டால் வெள்ளையாக ஒட்டும். அந்த நிலையில் புதுப்பித்தால் செலவு குறைவு. விட்டுவிட்டால் பிய்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு மழைக்கும் முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று என்று ஆள் வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல பூங்காக்களில் இந்தப் பெயிண்டர்கள் நிரந்தரச் சம்பளத்தில் இருப்பார்கள், இரவில் வேலை செய்வார்கள். நம் ஊரில் தீமிங்கைக் கட்டுமானச் செலவு என்று ஒரு தடவை எழுதிவிட்டுக் கணக்கை மூடிவிடுகிறார்கள். அது சம்பளம், மின்கட்டணம் மாதிரி வருடாவருடம் வரும் செலவு. இதை ஒரு முதலாளி ஒப்புக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தாராவியிலிருந்து ஒருவர்: எஸ்ஸல் வேர்ல்டு மறுபடி திறக்குமா?

மும்பையின் அந்தப் பழைய பூங்கா 1989இல் கோராயில் திறந்தது, 2022இல் மூடினார்கள். பக்கத்திலேயே 1998இல் வந்த வாட்டர் கிங்டம் என்ற தண்ணீர்ப் பூங்கா மூடாமல் தொடர்ந்தது. எது லாபம் தருகிறது என்பதற்கு அதுவே சாட்சி. எஸ்ஸல் வேர்ல்டு தீம் பார்க் இல்லை, ரைடுகளின் தோட்டம். ஆனால் படகில் ஏறிக் கடற்கழியைக் கடந்து போனோமே, அது எந்த டிசைனரும் போட்டுத் தர முடியாத நுழைவாயில். நகரத்தை விட்டு வேறு ஓர் இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் படகிலேயே வந்துவிடும். புதிதாகப் பூங்கா கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்திலிருந்து டிக்கெட் கவுண்டர் வரை நடக்கும் தூரத்தை ஒருவரும் கண்டுகொள்வதில்லை.

மாட்டுங்காவிலிருந்து ஒருவர்: சொந்த ஊர் சென்னை. அங்கே வொண்டர்லா பூங்கா வர ஏன் அத்தனை வருஷம் இழுத்தது?

வரி. உள்ளாட்சிக் கேளிக்கை வரியில் விலக்கு வேண்டும் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டே இருந்தது, நிலம் சும்மா கிடந்தது. அரசு விலக்கு கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. பெங்களூரில் 2005, ஹைதராபாத்தில் 2016, புவனேஸ்வரில் 2024, சென்னையில் 2025 டிசம்பர். நாடு முழுக்க ஜி.எஸ்.டி.யும் முதலில் 28 சதவீதமாக இருந்து, 2018 ஜனவரியில்தான் 18 ஆனது. சென்னைப் பூங்காவில் தொங்கிக்கொண்டே போகும் வகை பி அண்ட் எம் கோஸ்டர் போட்டிருக்கிறார்கள். அந்த வகையில் இந்தியாவுக்கு அதுதான் முதல். அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். கோஸ்டருக்குக் கீழே வெறும் புல்தரையோடு நிறுத்திவிடாமல் வருடாவருடம் எதையாவது சேர்த்தால் இன்னும் சந்தோஷப்படுவேன்.

டோம்பிவிலியிலிருந்து ஒருவர்: முதலில் மலிவாகத் திறந்துவிட்டு, காசு வந்ததும் அழகுபடுத்தினால் என்ன?

பெரிய ஆட்களே செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட வழி இது. கலிஃபோர்னியாவில் டிஸ்னியின் இரண்டாவது பூங்கா 2001இல் சிக்கனமாகத் திறந்தது. ரசிகர்கள் ஒதுக்கிவிட்டார்கள். 2007இல் 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கிச் சீர்செய்ய ஆரம்பித்து, 2012இல் 'கார்ஸ்' படத்தை வைத்த கார்ஸ் லேண்ட் பகுதி திறந்த பிறகுதான் அது தலைநிமிர்ந்தது. பாரிஸிலும் அதே கதை. 2002இல் திறந்த டிஸ்னியின் ஸ்டுடியோஸ் பூங்கா கொட்டகைகளின் வரிசையாக இருந்தது. 2018இல் 200 கோடி யூரோ திட்டம் அறிவிக்க வேண்டியதாயிற்று. டிஸ்னியிடம் திருத்திக்கொள்ளப் பணம் இருந்தது. நம் பூங்காக்காரருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. அதனால் என் யோசனை: ஐந்து பகுதியை அரைகுறையாகத் திறப்பதைவிட, இரண்டு பகுதியை முழுசாகத் திறங்கள்.

சிங்கப்பூர் யுனிவர்சலைப் பாருங்கள். பரப்பளவில் சின்னது, சுமார் 50 ஏக்கருக்குள். ஆனால் ஒரு குளத்தைச் சுற்றி நடந்தாலே ஒவ்வொரு திருப்பத்திலும் உலகம் மாறும். இடம் இல்லாததால் பழைய மடகாஸ்கர் பகுதியை எடுத்துவிட்டு 2025இல் மினியன் லேண்ட் கொண்டுவந்தார்கள். சின்ன இடத்தில் நிறைவாகச் செய்ய முடியும்.

கல்யாணிலிருந்து ஒரு ஆசிரியை: நம் கதைகளை வைத்து ஏன் யாரும் செய்வதில்லை? சினிமாக்காரர்கள் சேர்ந்தால் முடியாதா?

சினிமாவை மட்டும் நம்பினால் போதாது, டீச்சர். துபாயில் பாலிவுட் பார்க்ஸ் 2016இல் திறந்து 2023இல் மூடப்பட்டது. படம் பழசாகும், உரிமைப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இமேஜிகாவில் 1987ஆம் வருடப் படமான 'மிஸ்டர் இந்தியா'வை வைத்து ரைடு இருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் சலீம்கட் என்ற பேய்க்கோட்டை எந்தப் படத்தையும் நம்பாத இடம். அந்தப் பாணியைத்தான் இன்னும் வளர்க்க வேண்டும் என்பேன். நெதர்லாந்தின் எஃப்டெலிங் பூங்காவில் 1952இல் தொடங்கிய தேவதைக் கதைக் காடு இன்றும் கூட்டத்தை இழுக்கிறது. பாட்டி கதைகளுக்கு உரிமைப் பணம் கிடையாது.

என் மனதில் ரொம்ப நாளாக இருப்பது விக்கிரமாதித்தனும் வேதாளமும். ரைடுக்கென்றே எழுதிய மாதிரி அமைப்பு அது. சுடுகாடு, முருங்கை மரம், தலைகீழாகத் தொங்கும் வேதாளம். வண்டி கிளம்பியதும் வேதாளம் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஏறிக்கொள்கிறது, ஸ்பீக்கர் இருக்கையின் தலைப்பக்கம். இருட்டில் ஒரு கதை விரிகிறது, முடிவில் கேள்வி. வண்டியிலிருப்பவர்கள் பொத்தானை அழுத்திப் பதில் சொல்ல வேண்டும். சரியான பதில் என்றால் வேதாளம் சிரித்துக்கொண்டே பறந்துவிடும், வண்டி பின்னோக்கி ஓடி மரத்தடிக்கே வந்து சேரும். ஒவ்வொரு தடவையும் வேறு கதை. மறுபடி வரிசையில் போய் நிற்க இதைவிடக் காரணம் வேண்டுமா? மரம் ஒன்றைத்தான் பார்த்துச் செய்ய வேண்டும். முருங்கை பட்டையின் சொரசொரப்பு, உடைந்த கிளை, பிசின் வடியும் இடம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். அங்கே ஏமாற்ற முடியாது.

வாஷியிலிருந்து ஒருவர்: ரசிகர்கள் நாங்கள் என்ன செய்ய முடியும்? 'வேஸ்ட்' என்று விமர்சனம் போட்டுப் போட்டுச் சலித்துவிட்டது.

'வேஸ்ட்' என்பதை வைத்து எந்த மேனேஜராலும் ஒரு பெயிண்டரைக்கூட வேலைக்கு எடுக்க முடியாது. இடத்தைச் சொல்லி எழுதுங்கள்: இன்ன ரைடு, வரிசையின் இரண்டாவது வளைவு, இடதுபக்கப் பாறை உடைந்து கம்பி தெரிகிறது, படம் இணைத்திருக்கிறேன் என்று. பராமரிப்புக் கூட்டத்தில் அந்தப் படத்தை மேஜைமேல் வைத்துப் பணம் கேட்கலாம். அதே மாதிரி நன்றாக இருப்பதையும் எழுதுங்கள். வேடத்தை விடாமல் நடித்த ஊழியர், நின்று பார்க்க வைத்த ஒரு சுவர். பாராட்டு வராத இடத்துக்குத்தான் அடுத்த வருடம் பட்ஜெட் வெட்டு விழும்.

பாண்டுப்பிலிருந்து ஒரு அப்பா: மழைக்காலத்தில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக, வார நாளில் போங்கள். இருட்டு ரைடுகளும் உள்ளரங்கக் காட்சிகளும்தான் அன்றைக்கு விருந்து. வரிசையும் குறைவு. ஆனால் கனமழை, இடி என்றால் வெளியில் ஓடும் கோஸ்டரை நிறுத்துவார்கள், அதற்காக ஊழியரோடு சண்டை போடாதீர்கள். காலையில் கிளம்புவதற்கு முன்னால் போன் செய்து எந்தெந்த ரைடு பராமரிப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிடுங்கள், உயர அளவு ரைடுக்கு ரைடு மாறும். செருப்பு பின்பட்டை உள்ளதாக இருக்கட்டும்.