சபை வாகனங்களுக்கு ஜிபிஎஸ்: திருகோணமலையில் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

சபைகள், திணைக்களங்களின் வாகனங்களுக்கு ஜிபிஎஸ் (வாகனம் எங்கே நிற்கிறது, எவ்வளவு தூரம் ஓடியது என்று பதியும் கருவி) பூட்டுவது பற்றிக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நான் வாகனப் பகுதியில் வேலை பார்த்தவன், கருவி விற்கிறவன் இல்லை, அதனால் நேரடியாகவே சொல்கிறேன்.

கிண்ணியா: சேர், எங்கள் சபையில் குப்பை டிரக்டர், தண்ணீர் பவுசர், பெக்கோ, டபுள் கேப் எல்லாம் இருக்கு. எல்லாத்துக்கும் ஜிபிஎஸ் போட்டால் டீசல் செலவு குறையுமா?

பூட்டியதால் மட்டும் ஒரு லீற்றரும் குறையாது. எரிபொருள் ஓடரில் அடித்தது எவ்வளவு, ரன்னிங் சார்ட்டில், அதாவது சாரதி ஓட்டங்களைக் குறிக்கும் தாளில், எழுதிய தூரம் எவ்வளவு, ஜிபிஎஸ் சொல்லும் தூரம் எவ்வளவு என்று யாராவது ஒருவர் வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த ஆள் யார் என்று முடிவு செய்யாமல் கருவி வாங்காதீர்கள்.

அப்புறம், லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கு டபுள் கேப்புக்குத்தான் பொருந்தும். குப்பை டிரக்டர் வீட்டுக்கு வீடு நின்று நின்று போகிறது. பெக்கோ நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று கான் வெட்டும், ஓடிய தூரம் ஒன்றுமே இருக்காது, டீசல் மட்டும் முடிந்திருக்கும். பவுசரும் பம்ப் ஓடும்போது நின்றபடியேதான் டீசல் குடிக்கும். இவற்றைக் கிலோமீற்றரால் அளந்துவிட்டு "சாரதி களவெடுக்கிறான்" என்று சொல்வது அநியாயம். மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்று பாருங்கள். எஞ்சின் ஓடிய நேரத்தைக் கருவியே குறிக்கும், ஆனால் பழைய டிரக்டரில் சாவி எப்போதும் போட்டபடியே கிடக்கும், அங்கே இக்னிஷன் வயரில் இணைத்தால் இரவெல்லாம் ஓடியதாகக் காட்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் தரும் ஓல்டனேற்றர் பக்கம் இருந்து இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள்.

டபுள் கேப்பில் பார்க்க வேண்டியது சும்மா நின்று இயங்கும் நேரம். ஏசியோடு நின்றால் மணிக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் போகும். இதற்குச் சாரதியைக் கேட்டு என்ன பயன், ஏசி வேண்டும் என்பது பின் சீட்டில் இருப்பவர்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டாவுக்கு வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒரு நிலைமை திரும்ப வந்தால் எந்த வாகனத்துக்கு வாரம் எத்தனை லீற்றர் உண்மையாகவே தேவை என்று சொல்ல இந்தக் கணக்குத்தான் கையில் இருக்கும்.

தம்பலகாமம்: நிறுத்திவைத்த வாகனம் இரவில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் ஓடியதாகக் காட்டுது. பேயா?

பேய் இல்லை தம்பி. செய்மதிச் சமிக்ஞையில் இடம் சில மீற்றர் அங்கும் இங்கும் ஆடும், தகரக் கூரைக்குக் கீழே நின்றால் இன்னும் கூட ஆடும். அந்த ஆட்டமெல்லாம் தூரமாகக் கூட்டப்பட்டுவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது தூரம் கணக்கெடுக்காதே என்று ஒரு செற்றிங் இருக்கும், அதைப் போடச் சொல்லுங்கள்.

குச்சவெளி: புல்மோட்டைப் பக்கம் போனால் இடையில் வாகனம் காணாமல் போகுது. சாரதி கழற்றிவிட்டார் என்கிறார்கள்.

செய்மதி கிடைத்தாலும் போன் கோபுரம் எட்டாத இடத்தில் கருவியால் தகவலை அனுப்ப முடியாது. நல்ல கருவி அதைத் தன் நினைவகத்தில் சேமித்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். அதனால் அன்று மாலை திரும்பப் பாருங்கள், இடைவெளி நிரம்பியிருந்தால் சாரதி மேல் பிழை இல்லை. உண்மையில் வயரைக் கழற்றினால் "மின்சாரம் துண்டிக்கப்பட்டது" என்று தனி அறிவிப்பு வரும், அதை வைத்துத்தான் கேள்வி கேட்க வேண்டும். நம் ஊர் உப்புக்காற்றில் வயர் மூட்டு தானாகவே அரித்துப்போய் இதே அறிவிப்பு வருவதும் உண்டு. வயரை முறுக்கி இன்சுலேஷன் ரேப் சுற்றிவிட்டுப் போகிற வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள், ஈயம் வைத்து ஒட்ட வேண்டும்.

மூதூர், பவுசர் சாரதி: அண்ணா, இது எங்களை வேவு பார்க்கிற வேலைதானே?

பார்க்கிறவரைப் பொறுத்தது. "எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரவேயில்லை" என்று யாராவது தவிசாளரிடம் முறைப்பாடு கொண்டுபோனால், பவுசர் 10.20க்கு வந்து அரை மணி நேரம் நின்றது என்ற பதிவு உங்களுக்குச் சாட்சி சொல்லும், ரன்னிங் சார்ட்டில் நீங்களே எழுதியதை யாரும் அந்த அளவுக்கு நம்ப மாட்டார்கள். ஆனால் உங்கள் பயமும் நியாயம். கருவி பூட்டுவதற்கு முன்பே சாரதிகளைக் கூப்பிட்டு என்ன பதிவாகும், யார் பார்ப்பார், எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களையும் சேர்த்தே எழுதப்பட்டது. கடவுச்சொல்லை அலுவலகம் முழுக்கப் பகிர்ந்துவைத்திருப்பதெல்லாம் நிற்க வேண்டும்.

கந்தளாய்: டீசல் தாங்கிக்குள் விடும் சென்சர் வாங்கலாமா?

பவுசருக்கும் பெக்கோவுக்கும் வாங்கலாம், மற்றதுக்கு வீண் செலவு. தாங்கியை வெறுமையாக்கி அளந்து அளந்து ஊற்றி ஒவ்வொரு மட்டத்துக்கும் அளவு பதியாமல் பூட்டிவிட்டுப் போனால் அது சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. மேட்டில் நின்றாலும் அளவு மாறும். ஆகவே எஞ்சின் நின்றிருக்கும்போது திடீரென்று இறங்கினால் மட்டும் பாருங்கள்.

உப்புவெளி: நான் பொதுமகன். குப்பை டிரக்டர் எங்கள் ஒழுங்கைக்கு வந்ததா என்று இந்தப் பதிவைக் கேட்டுப் பெறலாமா?

2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். சாரதியின் பெயர் வேண்டாம், திகதியும் பாதையும் போதும். சபைகளுக்கு நான் சொல்வது, மக்கள் கேட்கும்வரை ஏன் இருக்கிறீர்கள், டிரக்டர் இப்போது எங்கே நிற்கிறது என்று போனில் பார்க்க ஒரு இணைப்பைத் திறந்துவிட்டால் பாதித் தொலைபேசி அழைப்பு குறையும்.

திருகோணமலை நகரம்: விலைமனுக் கோரும்போது எதைக் கட்டாயம் எழுத வேண்டும்?

பதிவுகள் சபைக்குச் சொந்தம், கேட்டவுடன் எக்செல் கோப்பாகத் தர வேண்டும், ஒப்பந்தம் முடிந்தாலும் தர வேண்டும். இதை எழுதாமல் விட்டால் நிறுவனத்தை மாற்றும் நாளில் பழைய வருடங்களின் கணக்கு முழுக்க அவர்களோடு போய்விடும், கணக்காய்வு வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. 2ஜி மட்டும் வேலை செய்கிற மலிவுக் கருவி வேண்டாம், 4ஜி கேளுங்கள். சிம் சபையின் பெயரில் இருக்கட்டும். மாதக் கட்டணத்தை வருட வரவு செலவில் தனி வரியாகப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வருடம் சிம்முக்குக் காசு கட்டாமல் எல்லாம் நின்றுபோகும்.