மனதைப் படிக்கும் உளவாளி: கடிதம்

அன்புள்ள ஐயா,

அறிவியல் திரில்லர் ஒன்று எழுதுகிறேன். நாயகன் ரகசிய உளவாளி. பிறர் மனதைப் படிப்பவன். முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன். கதை கோலாலம்பூரில் நடந்தால் நம் ஆட்கள் நம்புவார்களா, இல்லை அமெரிக்காவுக்கு மாற்றிவிடவா? அங்கே அரசாங்கமே இப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்திருந்ததாமே. தலைப்பு, லிப்ட் சண்டை இரண்டையும் பற்றியும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அன்புள்ள தம்பி,

வைத்திருந்தது உண்மைதான். தொலைவில் இருப்பதை மனதால் பார்ப்பவர்கள் என்று சிலரை 1970களில் சேர்த்தார்கள்; உளவு வேலைக்கு உதவவில்லை என்று 1995இல் மூடிவிட்டார்கள். அது அவர்கள் கதை. தலைப்பு அப்புறம். லிப்ட் சண்டையை எடுத்துவிடுங்கள்.

‘நம் ஆட்கள் நம்புவார்களா’ என்று எழுதினீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பினாங்கில் கிரீன் லேன் வழியாகப் போகும்போதெல்லாம் ஃப்ரீ ஸ்கூல் மதிலோரம் கொஞ்சம் நின்றுவிட்டுப் போவது என் வழக்கம். ஜப்பானியர் காலத்தில், 1942இல், அங்கேதான் இந்திய சுயராஜ்ய நிலையம் நடந்தது. நம் பையன்களுக்கு உளவுப் பயிற்சி கொடுத்த இடம். அதன் தலைவர் பினாங்கு வழக்கறிஞர் என். ராகவன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஜப்பானியர் மாணவர்களை நீர்மூழ்கியில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். ராகவன் கொதித்துப்போய் நிலையத்தையே மூடினார்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். கேரளத்திலிருந்து மலாயாவுக்குப் பிழைக்க வந்தவர். 1942 செப்டம்பரில் மலபார்க் கரையில், தானூரில், கூட்டாளிகளோடு இறங்கினார். பிடித்துவிட்டார்கள். 1943 செப்டம்பர் 10, சென்னைச் சிறையில் தூக்கு. அவருக்கு வயது 26. அன்று அவரோடு தூக்கிலேறியவர்களில் அனந்தன், சத்யேந்திர பர்தன், ஃபௌஜா சிங் எல்லோரும் உண்டு. இவர்களை வைத்துக்கொண்டு நீங்கள் அமெரிக்காவுக்கு டிக்கெட் போடப் பார்க்கிறீர்கள்!

இப்போது உங்கள் நாயகனை அந்த நீர்மூழ்கியில் உட்கார வையுங்கள். புழுக்கம், எண்ணெய் நாற்றம், பக்கத்தில் ஒருவன் வாய்க்குள்ளேயே பிரார்த்தனை செய்கிறான். இவனுக்கு எதிரே ஜப்பானிய அதிகாரி. அவர் மனதை இவன் படிக்கிறான். இறங்கும் இடம் இருக்கிறது, ரப்பர் படகு இருக்கிறது, திரும்பக் கூட்டிவர ஒரு ஏற்பாடும் இல்லை. இது தெரிந்த பிறகு இவன் என்ன செய்வான்? மற்றவர்களிடம் சொல்வானா? சொன்னால் அவர்கள் திரும்பிவிடுவார்களா, தெரிந்தும் இறங்குவார்களா? சக்தி என்று ஒன்றைக் கொடுத்தால் அது இப்படி அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும் தம்பி. உங்கள் மூன்று அத்தியாயத்திலும் அவன் எதிரியின் மனதை மட்டும்தான் படிக்கிறான். தன்னை வேலைக்கு எடுத்தவன் மனதை ஒரு தடவையாவது படித்தானா? அந்த அலுவலகத்துக்கு இவன் யார், ஆளா, கருவியா? அதைக் கேட்காமல் சுவர் ஏறுகிறான், துப்பாக்கி பிடுங்குகிறான். எனக்குக் கொட்டாவி வந்தது.

இரண்டாம் அத்தியாயத்தில் அவன் அம்மா மனதைப் படிக்க மறுத்து எழுந்து போகும் இடம் மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அதை எழுதிய கைக்கு எழுத வரும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக எழுதி அனுப்புங்கள். கோலாலம்பூரோ பினாங்கோ, உங்கள் இஷ்டம்.

அன்புடன்