முதலில் சிரித்தவர் இல்லாத வீடு

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி தொடங்கிய 1982ஆம் ஆண்டில் பிறந்த நான், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு 15 ஆண்டுகளாகத் தொலைக்காட்சிக்கு நகைச்சுவை நாடகப் பிரதிகள் எழுதி வருகிறேன். எழுதியதை ஒளிப்பதிவுக்குக் கொடுக்கும் முன் குசினி வாசலில் நின்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். பிடித்த இடத்தில் தேங்காய் துருவுவதை நிறுத்திச் சிரிப்பார். பிடிக்காவிட்டால், "இது காணாது தம்பி" என்றுவிட்டு மறுபடி துருவத் தொடங்குவார்.

நான்கு மாதங்களுக்கு முன் அவர் காலமானார். செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள், தவணை தப்பக்கூடாது என்று நிறுவனம் நெருக்கியதால், அம்மா தொலைபேசியில் உரத்துக் கதைக்கும் விதத்தையே பகிடியாக்கி ஓர் அத்தியாயம் எழுதிக் கொடுத்தேன். படப்பிடிப்பில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிலிருந்து ஒரு பகிடியும் வருவதில்லை, நித்திரையும் குறைந்துவிட்டது. அம்மாவை விற்றுப் பிழைத்தவனா நான்?

வாசகர், கொழும்பு 6

அன்புள்ள சகோதரருக்கு,

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன்: இல்லை. வாழ்க்கைத் துணையை இழந்தவர்களிடம் அமெரிக்க உளவியலாளர்களான கெல்ட்னரும் பொனானோவும் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், இறந்தவரைப் பற்றிக் கதைக்கும்போது மனமாரச் சிரித்தவர்களிடம் உளைச்சல் குறைவாகவே காணப்பட்டது. துக்கத்தில் அமிழ்வதும் அன்றாட அலுவல்களுக்குத் திரும்புவதுமாக மனம் மாறி மாறி அலைவதே இயல்பு என்று உளவியலாளர்களான ஸ்ட்ரோபேயும் ஷூட்டும் 1999இல் விளக்கினார்கள். உங்களுக்கோ, ஆறியிருந்து அழ ஒரு நாள் கிடைக்குமுன்பே வேலை வந்து நின்றுவிட்டது. மூன்றாம் நாளிலேயே பிரதி கேட்டவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் பழியையும் நீங்களே சுமக்கிறீர்கள்.

பகிடி வராமல் போனதற்கு, எழுதியதை இனி யாருக்கு வாசிப்பது என்று தெரியாததே காரணம் என நினைக்கிறேன். அந்த இழப்பை நீங்கள் இன்னும் அழவில்லை. தயாரிப்பாளரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லி, சில வாரங்களுக்கு இன்னொருவருடன் சேர்ந்து எழுதக் கேளுங்கள். பகிடி எதையும் தேடாமல், அம்மா தேங்காய் துருவிய ஒரு காலைப்பொழுதை அப்படியே எழுதி, அவரை அறிந்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அழுகை வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அடக்க வேண்டாம்.

நித்திரையின்மை தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் தாமதிக்காமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள், தமிழிலேயே கதைக்கலாம். அந்தக் காலைப்பொழுதை எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.