ஒரே ஹெட்டில பூநாரையும் தும்பியும்?

கேள்வி: 150-600 லென்ஸால மண்டைதீவுப் பக்கம் பூநாரை எடுக்கிறன், வீட்டு முற்றத்தில தும்பி, எறும்பு எண்டு மேக்ரோவும் (மிகக் கிட்ட வச்சு எடுக்கிற படம்) எடுக்கிறன். டிரைபொட்டுக்கு மேல கமராவைப் பூட்டுற ஹெட்டா, பால் ஹெட் (உருண்டையில எல்லாப் பக்கமும் சரியிறது) வாங்கவோ, கிம்பல் (லென்ஸைத் தொட்டில் மாதிரித் தாங்கி மேல கீழ, இடம் வலம் திருப்பிறது) வாங்கவோ?
– வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, பறவைக்கு கிம்பல்தான், ஏனெண்டால் அந்த லென்ஸ் கிட்டத்தட்ட 2 கிலோ, பால் ஹெட்டைக் கொஞ்சம் தளர்த்தினாலே முன்னுக்குச் சாஞ்சிடும், கிம்பலில பாரம் நடுவில நிக்கிறதால கையை விட்டாலும் அப்பிடியே நிக்கும், பூநாரை எழும்பிப் பறக்கேக்க லேசாத் திருப்பிக்கொண்டே போகலாம். லென்ஸை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தி பலன்ஸ் பாக்க மறந்திடாதேங்கோ. மேக்ரோவுக்கு அது சரிவராது, கமராவைப் பக்கவாட்டில சரிக்க ஏலாது. பால் ஹெட்டும் இறுக்கேக்க ஒரு மயிரிழை இறங்கும், 1:1 இல (பூச்சி தன்ர உண்மையான அளவிலயே சென்சரில விழுகிற நெருக்கத்தில) அதுவே தும்பியின்ர கண்ணைத் தவறவிடக் காணும். பல்லுச்சக்கரத்தைத் திருகி மெல்ல மெல்ல நகர்த்திற கியர் ஹெட் திறம், ஆனா விலை. என்னைக் கேட்டா கிம்பலை முதல் வாங்குங்கோ, எறும்பை பிளாஷ் போட்டுக் கையாலயே எடுக்கலாம்.